மறைத்த இடமே ஒளிரும்



1843ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் மறுமொழி எழுத நேரம் போதவில்லை. ஆகவே, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வாழ்த்து மடல் ஒன்றை வரையச் செய்து, அதனை அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டுவித்தார். விலை ஒரு ஷில்லிங். நடுவே ஒரு குடும்பம் விருந்துண்கின்றது; இரு ஓரங்களிலும் பசித்தோர்க்கு உணவும் ஆடையற்றோர்க்கு ஆடையும் அளிக்கப்படுகின்றன. நேரமின்மையில் பிறந்த அம்மடல், ஏழையை மறந்துவிடவில்லை.

நேரமின்மை நம் திருப்பூர்க் குடும்பங்களுக்கும் பழக்கமானதே. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து பெற்றோர் வீடு திரும்புகையில் பிள்ளைகள் உறங்கிவிடுகின்றனர். கைப்பேசியில் ஒரே நொடியில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பிவிடுகிறோம். பெறுவோரும் ஒரே நொடியில் அதனைக் கடந்துவிடுகின்றனர். ஆகவே, இம்முறை ஒரு ஞாயிறு மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து, கையாலேயே ஒரு மடல் செய்து பாருங்கள்.

இதற்கான நுட்பம் நம் ஊருக்குப் புதிதன்று. பனியனின் மார்பில் படம் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் நடப்பது என்ன? சட்டத்தில் கட்டிய வலைத்துணியில், சாயம் இறங்கக்கூடாத இடங்களை அடைத்துவிடுகின்றனர். திறந்த இடத்தில் மட்டும் சாயம் இறங்குகின்றது. வண்ணத்திற்கொரு ஸ்கிரீன். அதே முறையை நம் வீட்டு மேசையில் கையாளலாம்.

கெட்டியான வரைதாளை இரண்டாக மடித்துக்கொள்க. பழைய மாதக் காலண்டர் தாளில் ஒரு விண்மீனை வெட்டியெடுத்து, அதனை மடலின் மேற்பகுதியில் நகராமல் வைத்துக்கொள்க. பனியன் வேஸ்ட் துணியைச் சிறு பந்தாக்கி, நீல வண்ணத்தில் சிறிதளவே தோய்த்து, முதலில் செய்தித்தாளில் ஒற்றி மிகுதியை நீக்குக. பின்னர் விண்மீனின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி மெல்ல ஒற்றுக. வண்ணம் மிகுந்தால் தாளின் அடியில் கசிந்துவிடும். இனித் தாளை எடுத்தால், நீல வானில் வெண்மையான விண்மீன் ஒளிரும். துளை விழுந்த மீதித் தாளையும் எறியவேண்டாம்; அதன் வழியே மஞ்சள் வண்ணத்தை ஒற்றினால் மற்றொரு மடலுக்கு விண்மீன் கிடைக்கும்.

மார்கழிப் பனி மூடிய குன்றுகள் வேண்டுமா? ஒரு தாளை வளைவாகக் கிழித்து, அதனால் வானை மறைத்து, அதன் கீழ் விளிம்பை ஒட்டி மெல்லிய வண்ணம் ஒற்றுக. தாளைச் சற்றுக் கீழிறக்கி மீண்டும் ஒற்றுக. கீழே வர வர வண்ணத்தைக் கூட்டினால் குன்றின் முன் குன்று தோன்றும்.

அடுத்து அச்சு. வெண்டைக்காயைக் காம்புப் பக்கத்தில் குறுக்கே வெட்டினால் ஐந்து முனையுள்ள சிறு விண்மீன் அச்சு ஆயத்தம். உருளைக்கிழங்கைப் பாதியாக்கி, ஈரத்தைத் துடைத்து, அதில் குடிலின் வடிவைப் பெரியவர் ஒருவர் செதுக்கித் தருக. முன்னால் நிற்பதையே முதலில் அச்சிடவேண்டும். குடில் அச்சு உலர்ந்தபின், அதே வடிவில் வெட்டிய தாளால் அதனை மூடி, மேலே மரத்தை அச்சிடுக. மூடியை நீக்கினால் மரம் குடிலுக்குப் பின்னே நிற்கும்! பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பை அப்பொழுது காணுங்கள்.

விண்மீனை நாம் வரையவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். அதன் இடத்தை மூடிக் காத்தோம். அது வெண்மையாய் நின்றது. குடும்ப வாழ்விலும் இப்படிக் காக்கவேண்டிய இடம் உண்டு. வேலையும் கடனும் கவலையும் வந்து படியாதபடி வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் பிள்ளைகளுக்கென மூடிவைத்துக் காப்பது பெற்றோரின் கடமை.

மடலை யாருக்கு அனுப்புவது? தேனியிலோ சிவகங்கையிலோ தனியே வாழும் பாட்டிக்கு முதல் மடல். இரண்டாவது, அடுத்த வீதியில் அறையெடுத்துத் தங்கியுள்ள ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களுக்கு. விழாவுக்கு ஊர் செல்ல இயலாதவர்கள் அவர்கள். நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. விண்மீனையும் குடிலையும் படிக்க மொழி எதற்கு? மடலோடு ஒருவேளை உணவுக்கும் அழையுங்கள். 1843இல் மடலின் ஓரத்தில் வரையப்பட்ட காட்சி உங்கள் வீட்டுத் திண்ணையில் உண்மையாகட்டும்.