கல்வெட்டு உரிமைப் பத்திரம் அன்று

பெங்களூரு யாருக்கு உரியது என்னும் விவாதம் எழும்போதெல்லாம் நம்மவர் சிலர் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பகிர்கின்றனர். மறுதரப்பினர் பேகூர் நடுகல்லைக் காட்டுகின்றனர். ஏறத்தாழ கி.பி. 890இல் பழங்கன்னடத்தில் பொறிக்கப்பட்ட அதில் ‘பெங்களூரு’ என்னும் பெயரே வருகிறது. சான்றுகள் இரண்டும் மெய்யானவை. அவற்றிலிருந்து இரு தரப்பாரும் எட்டும் முடிவே பிழையானது.

தொம்மலூர்க் கல்வெட்டுகளுள் போசளர் காலத்தவை உண்டு. கன்னட அரசமரபினரான போசளர்க்கு இப்பகுதியில் தமிழில் ஆவணம் பொறிப்பது இயல்பாக இருந்தது. அம்மரபினரே 13ஆம் நூற்றாண்டில் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரிலிருந்தும் ஆண்டனர். பழைய ஆவணங்களே உரிமைப் பத்திரம் என்றால் நாளை திருச்சிராப்பள்ளியையும் எழுதிக் கொடுக்க நேரும்! ஓர் ஊரில் எம்மொழி ஆவணமொழியாகப் புழங்கியது என்பதையே கல்வெட்டு சொல்லும். மண்ணுக்கு உரியவர் யாரென்று சொல்லாது.

இன்னொரு சாரார், பெங்களூரு எவர்க்கும் உரியதல்லாத பொது நகரம் என்கின்றனர். இவ்வெண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1537இல் கெம்பேகௌடர் நிறுவிய பேட்டைக்கு அப்பால் 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்டை அமைத்தனர். மதராஸ் படையோடு தமிழ் வீரரும் வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் ஆட்சி உடையார்களிடம் திரும்பிய பின்னும் கன்டோன்மென்ட் 1947 வரை ஆங்கிலேயரிடமே இருந்தது. இரு பகுதிகளுக்கும் ஒரே மாநகராட்சி அமைந்தது 1949இல்தான். ஆகவே, கர்நாடகத்திலிருந்து விலகி நிற்கும் பெங்களூரு என்னும் கற்பனைக்குள் பழைய நிர்வாகக் கோடு ஒன்று மறைந்திருக்கிறது.

அக்கோட்டுக்கு அப்பாற்பட்ட சான்றைப் பேட்டைக்குள்ளேயே காணலாம். தருமராயர் கோயில் கரகத்தை எடுப்போர், தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் எனக் கருதப்படும் திகளர் சமூகத்தினர். ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்கும் செல்கிறது. அதை அயலார் திருவிழா என எவரும் சொல்வதில்லை.

ஆனால், அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் அமைக்கப்பட்ட வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்ட சில நாள்களில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. நல்லிணக்கச் செயலே, எனினும் அந்தக் கைமாற்றில், பெங்களூருத் தமிழர் இன்னொரு மாநிலத்தின் பிரதிநிதிகளாகவே எண்ணப்பட்டனர். 1991 காவிரிக் கலவரத்தில் அவர்கள் தாக்கப்பட்டதற்கும் இவ்வெண்ணமே அடிப்படை. பல தலைமுறையாக இங்கு வாழ்வோர் கர்நாடகத்தின் தமிழரே.

இதை ஏற்கக் கோரும் நமக்கும் ஒரு கடமை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தம் தலைநகரிலேயே தம்மொழி தேயுமோ என அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உள்ளது. சென்னையில் பெயர்ப்பலகை தமிழில் வேண்டும் என்போர், பெங்களூரில் கன்னடம் கேட்போரை வெறியர் எனல் தகாது. கன்னடம் தமிழின் மகள் என்று சொல்வதையும் விட்டுவிடலாம். இரண்டும் ஒரே தொல்மொழியிலிருந்து கிளைத்தவை என்பதே ஒப்பிலக்கணத்தின் முடிவு.

ஆய்வுத் தோழர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இந்நிலத்தின் தமிழ்க் கல்வெட்டுகளை ஆய்வோர் பழங்கன்னடமும் கற்க வேண்டும். பெங்களூருத் தமிழைக் ‘கலப்புத் தமிழ்’ என ஒதுக்காமல், கர்நாடகத்தின் மொழிவழக்குகளுள் ஒன்றாக ஆவணப்படுத்த வேண்டும்.