பாயிரம் இல்லாத செய்தி

கண்டி மாநகரில் நாம் கடைக்குப் போவது குறைந்து, கடை நம்மைத் தேடி வருவது மிகுந்துவிட்டது. காலையிலே பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டி பேத்தோவனின் இசைத்துண்டு ஒன்றை ஒலித்துக்கொண்டு மேட்டு வீதிகளில் ஏறி இறங்குகின்றது. நண்பகலில் மோட்டார்ச் சைக்கிளில் வரும் இளைஞன் பொதியொன்றை நீட்டிப் பணத்தை எண்ணிப் பெற்றுச் செல்கின்றான். தராஸ், கப்ருக என்னும் பெயர்கள், முன்னாளிற் செட்டியார் கடை, நானா கடை என்பன புழங்கியது போல, இன்று வீடுகளிலே புழங்குகின்றன.

இதனை ஒரு பெரும் புதுமையென்று வியப்பாரும் உளர். பெருங்கேடு என்று வருந்துவாரும் உளர். மலைநாட்டின் பழைய வாழ்வை அறிந்தவர்க்கு வியப்பதற்கும் வருந்துவதற்கும் இதில் அதிகமில்லை. துணிப் பொட்டணியைத் தோளிற் சுமந்து தோட்டந் தோட்டமாக ஏறிய வியாபாரிகள் லயத்து வாசலிலேதான் கடை விரித்தார்கள். சம்பள நாளை நினைவில் வைத்து வந்து கடனை வாங்கிப் போனார்கள். நூல்களும் அவ்வாறே வந்தன. 1920இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடுகளைத் தபால் வழியாக வருவித்துப் படித்த ஆசிரியர்கள் ஈழத்திற் பலர். தபாற்காரர் பொதியோடு படலையைத் திறக்கும் நாள் அவர்களுக்குத் திருநாள். ஆகவே, வீட்டுக்குப் பொருள் வருவதில் எனக்கு வழக்கு இல்லை. அப்பொருளை நாம் ஆராய்கின்ற விதத்தையும், அதே கைத்தொலைபேசியில் வரும் செய்தியை நாம் ஆராயாது விடுகின்ற விதத்தையும் ஒருசேர நோக்குமிடத்துத்தான் வழக்குத் தொடங்குகின்றது.

என் வீட்டில் அண்மையில் ஓர் இட்டலிச் சட்டி வாங்கினார்கள். அதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் செலவாயின. செய்த நிறுவனம் எது, விற்பவர் எவர், எத்தனை பேர் வாங்கினர், வாங்கியவர் என்ன சொன்னார், எத்தனை நட்சத்திரம் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக ஆராயப்பட்டது. நட்சத்திரம் பார்ப்பது முன்னர்த் திருமணத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. இப்பொழுது சட்டிக்கும் உரியதாயிற்று. நான் குறை சொல்லவில்லை. ஈராயிரம் ரூபா செலவழிப்பவர் அவ்வளவு விழிப்போடு இருத்தல் முறையே. ஆனால் அந்த இரண்டு மாலைகளிலும், நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்த அதே விரல்கள், குடும்பக் குழுவில் வந்து விழுந்த ஏழெட்டுச் செய்திகளை வேறு குழுக்களுக்குத் தள்ளிவிட்டன. அவற்றை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சட்டிக்கு உள்ள மதிப்புச் சொல்லுக்கு இல்லாமற் போயிற்று.

இதனைச் சிறுபிழை என்று தள்ளிவிட முடியாது. கண்டி மாவட்டத்தில் வாழும் எவரும் 2018ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் மலடாக்கும் மருந்து உணவிற் கலக்கப்பட்டது என்றொரு பேச்சுக் கிளம்பியது. அதனால் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது கண்டது வெறும் மாவுக்கட்டி. அந்த முடிவு வெளிவருவதற்குள் பேச்சு கைத்தொலைபேசிகளில் ஏறி நாடு முழுவதும் சுற்றிவிட்டது. அதே மாதத்தில் தெல்தெனியப் பகுதியில் முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிர் நீத்தார். அது பொலிசாரும் நீதிமன்றமும் ஆராய வேண்டிய குற்றம். ஆனால் மார்ச் 5ஆந் திகதி திகனையில் எரிந்தவை, அக்குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் கடைகளும் வீடுகளும். எரிந்த வீடொன்றினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மறுநாள் நாட்டில் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அதற்கும் அடுத்த நாள் முகநூல், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் முடக்கியது. ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே அவை திறக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் தன் தளத்திற் பரவியதற்காக முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டது.

அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தமிழுக்குத் தந்த பகுதி தெல்தெனிய. அங்கே மூன்று சமூகத்தாரும் ஒருவர் கடையில் ஒருவர் வாங்கி வாழ்ந்தவர்கள். அண்டை வீட்டாரைப் பற்றி வந்த ஒரு வரியை நம்புவதற்கு அவர்களுட் சிலருக்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்தன என்றால், அங்கே குறைந்துபோனது எது என்று ஆசிரியராகிய நாம் கேட்க வேண்டாமா? அந்தச் செய்திகள் பெரும்பாலும் சிங்களத்தில் வந்தவை, நமக்கென்ன என்று தமிழர் ஒதுங்குவதற்கும் இடமில்லை. 2020 டிசம்பரில் கொவிட் நோய்க்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியைப் பெற மக்கள் திரள் திரளாகக் கூடினர். அதன் புகழைத் தமிழ்க் குழுக்களும் குறைவின்றிப் பரப்பின.

நம் சங்கக் கூட்டங்களில் இது குறித்துப் பேசுவோர் ஒரே பல்லவியைப் பாடுகின்றார்கள். வாசிப்புப் பழக்கம் அழிந்தது, வாசகசாலைகள் வெறிச்சோடின, பிள்ளைகள் தொலைபேசியில் மூழ்கினர் என்பது அந்தப் பல்லவி. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இன்றைய பிள்ளை ஒரு நாளில் வாசிக்கும் எழுத்துக்களின் தொகை, நான் அந்த வயதில் ஒரு வாரத்தில் வாசித்ததிலும் மிகுதியாக இருக்கலாம். நன்னூலார் மாணாக்கரை வகுத்த இடத்தில் ஆட்டைச் சொல்கின்றார். ஒரு செடியில் நில்லாது செடிதோறும் ஒரு கடி கடித்துப் போவது அது. நெய்யரியைச் சொல்கின்றார், நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைப்பது அது. பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். அவர் தொலைபேசியைக் கண்டிலர். ஆயினும் அதனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்போரைக் கண்டிருக்கின்றார். ஆடும் வாசிக்கத்தான் செய்கின்றது. இழந்தது வாசிப்பன்று, வாசிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியை நம் முன்னோர் நூலின் தலைவாயிலிலேயே நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பாயிரம் என்று பெயர். எவ்வளவு பரந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அதனை நூலென்று கொள்ளலாகாது என்பது நன்னூலார் துணிபு. சிறப்புப்பாயிரத்துக்கு அவர் சொல்லும் பொருள்களை இக்காலத்துச் சொல்லிற் சொல்வதானால்: இதனை ஆக்கியவர் யார்? எந்த மூலத்தின் வழியாக வந்தது? எந்த நிலப்பரப்பில் வழங்குவது? பெயர் என்ன? எதனைக் கற்றபின் இதனைக் கற்பது? சொல்லும் பொருள் என்ன? யார் கேட்பதற்கு உரியது? கேட்டதனால் வரும் பயன் என்ன? இவ்வெட்டோடு காலம், களன், காரணம் என்னும் மூன்றையுஞ் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்கின்றார். ஒரு செய்தியை ஆராய்வதற்கு இவற்றினும் மேலான கேள்விகளை எந்த நாட்டுப் பத்திரிகைக் கல்லூரியும் கண்டுபிடித்ததாக நான் அறியேன்.

சிறப்புப்பாயிரத்தைப் பாடுவோர் யார் என்பதும் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளது. நூலாசிரியனுக்கு ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுந்த உரைகாரன் ஆகியோரே அதற்கு உரியர். எவ்வளவு வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. இட்டலிச் சட்டிக்கு நட்சத்திரம் இடுவோர் இம்முறையைத் தம்மை அறியாமலே பின்பற்றுகின்றனர் எனலாம். தற்புகழ்ச்சிக்கு நன்னூலார் விதிவிலக்காக அனுமதித்த இடங்கள் நான்கே. முகநூல் அந்த நான்கில் ஒன்றாக வருமா என்று அன்பர்கள்தாம் ஆராய்ந்து சொல்லவேண்டும்.

பத்திரிகைகளின் பாயிரம் எங்கே இருக்கின்றது என்று மாணவர் ஒருமுறை வினவினர். கடைசிப் பக்கத்தின் அடியிலே, எவரும் வாசியாத நுண்ணெழுத்தில், அச்சிட்டு வெளியிடுவோர் பெயரும் முகவரியும் இருக்கின்றனவே, அதைக் காட்டினேன். கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கியபோது, எழுதியதற்கு விடை சொல்லத் தாம் இருக்கின்றார் என்பதை ஊர் அறிந்திருந்தது. பத்திரிகை பொய் சொல்லாது என்பது இதன் கருத்தன்று. பொய் சொன்னால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும், அவ்வளவே. வாட்ஸ்அப்பிலோ கதவே இல்லை. அந்த நிறுவனம் 2018இல், வேறிடத்திலிருந்து வந்த செய்திக்கு ஓர் அடையாளம் இட்டது. 2020 ஏப்ரலில், பன்முறை கைமாறி வந்ததை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்று வரம்பு கட்டியது. செய்தி எத்தனை கை மாறியது என்பதை அந்த அடையாளம் ஓரளவு சொல்லும். முதற்கை யாருடையது என்பதைச் சொல்லாது.

வகுப்பில் இதனை ஒரு பயிற்சியாக்கினேன். யுனெஸ்கோ நிறுவனம் இந்திய தேசிய கீதத்தையே உலகிற் சிறந்ததென்று அறிவித்தது என்று பல்லாண்டுகளாகச் சுற்றும் செய்தியொன்று உண்டு. அந்நிறுவனம் அதனை மறுத்ததும் பழைய கதை. அச்செய்தியைக் கரும்பலகையில் எழுதி, பாயிரக் கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். ஆக்கியோன் இல்லை, வழி இல்லை, காலம் இல்லை, 'சற்று முன்' என்றுதான் இருந்தது. அந்தச் சற்றுமுன் எத்தனை ஆண்டு பழையது என்பதிலே வகுப்புச் சிரித்தது. அப்பொழுது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பொய் எழுதுபவன் ஆக்கியோன் பெயரையும் பொய்யாகப் போட மாட்டானா? ஒரு பேராசிரியர் பெயரை மேலே எழுதிவிட்டால் நாங்கள் நம்பிவிட வேண்டியதுதானா?" என்றாள்.

நல்ல கேள்வி. நம் மரபிலேயே இதற்குச் சான்று மிகுதி. ஒளவையார் பெயராலும் அகத்தியர் பெயராலும் பிற்காலத்தார் எழுதிய பாடல்கள் எத்தனை! இன்று பாரதியார், அப்துல் கலாம் பெயர்களில் உலவும் பொன்மொழிகளைப் பார்த்தால் அவர்களே திடுக்கிடுவார்கள். ஆகவேதான் ஆக்கியோன் பெயரோடு 'வழி' என்பதையும் வைத்தனர் என்று விடை சொன்னேன். பெயரை எவரும் ஒட்டலாம். வந்த வழியைப் பொய்யாகக் கட்டுவது கடினம். 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். கிடைத்த முதல் ஏட்டை அவர்கள் அப்படியே அச்சுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் வேலை ஓரிரு மாதங்களில் முடிந்திருக்கும். ஊரூராக அலைந்து பிரதிகளைத் தேடினார்கள், ஒன்றோடொன்று ஒப்பு நோக்கினார்கள், பாடபேதங்களைக் குறித்தார்கள், இடைச்செருகலென்று ஐயுற்றதை ஐயம் என்றே எழுதினார்கள். இதே செய்தியை வேறு இரண்டு இடத்தில் தேடிப்பார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இந்தப் பிரதி ஒப்புநோக்கைத்தான். அதற்கு அலைச்சலும் இல்லை. செலவு ஐந்து நிமிடம்.

தொலைபேசியைப் பறித்து வைப்பது வழியாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து இலவசமாக வழங்குகின்றது. மலைமேற் தோட்டமொன்றில் வாழும் பிள்ளை, எந்த வாசகசாலையிலும் காணக்கிடையாத இதழை அங்கே காண்கின்றது. அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆம், பாயிரத்தோடு வருகின்றது. வெறுப்பு ஏறிவந்த அதே கண்ணாடித் துண்டுதான் இதையும் தருகின்றது.

2024இல் இணையவழிப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டமும் நிறைவேறியது. பேச்சுரிமையை அது நெரிக்கும் என்று பத்திரிகையாளர் பலர் எதிர்த்தனர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. சட்டம் செய்தி பரவிய பின்னர் வருவது. பாயிரக் கேள்வி விரல் அழுத்துமுன் வருவது. அதனைக் கற்பிக்கும் இடம் தமிழ் வகுப்பு. நன்னூற் பாயிரத்தை மனனஞ் செய்வித்துப் பரீட்சையில் எழுதுவித்து மறக்கவிடும் ஆசிரியர்கள், பரீட்சைக்கு முதல் வாரம் ஒரேயொரு பாடவேளையை இதற்குக் கொடுத்தாற் போதும். புதிய பாடத்திட்டம் வரட்டும், சுற்றுநிருபம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்ட அந்த மாணவி, தன் மாமன் குழுவில் அனுப்பிய ஒரு மருத்துவச் செய்தியின் கீழே, "மாமா, இதைச் சொன்னது யார்? எங்கே வாசித்தீர்கள்?" என்று எழுதினாளாம். மாமனார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கும் தெரியாது மகள், கூட வேலை செய்பவர் ஒருவர் அனுப்பினார்" என்று பதில் வந்திருக்கின்றது. அந்த ஒருவரிடமும் கேட்கும்படி மாமனாரிடம் பணிவாகச் சொல்லச் சொல்லியிருக்கின்றேன்.