ஆற்றைக் கொன்று ஆலையை வளர்ப்பதா?

மாசுக் கட்டுப்பாட்டு நெறிகளைத் தளர்த்தினால்தான் தொழில் பெருகும், பொருளியல் உயரும் என ஆலை முதலாளிகள் உரத்துப் பேசுகின்றனர். ஆள்வோரும் அதற்குச் செவி சாய்க்கின்றனர். அக்கூற்று மெய்யா, பொய்யா என்பதற்கு நொய்யலாறே சான்று.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் அயற்செலாவணி ஈட்டித் தந்தது உண்மையே. ஆனால், சாயப்பட்டறைகள் கழித்த உப்புநீர் நொய்யலில் கலந்தது. உழவர்க்கென 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தெண்ணீருக்கு மாற்றாகச் சாயக்கழிவே தேங்கிற்று. கிணறுகள் உவர்த்தன; வயல்கள் பாழ்பட்டன. அவ்விழப்பு எந்த ஆலையின் கணக்கேட்டில் செலவாக எழுதப்பெற்றது? ஊதியம் முதலாளிக்கு, இழப்பு உழவனுக்கு! இதுவா பொருளியல்?

2011 சனவரியில் சென்னை உயர்நயன்மன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்தது. தொழிலே அழிந்தது என்று அலறினர். தொழிலாளர் வேலையிழந்து துன்புற்றதும் மறைக்கத்தக்கதன்று. எனினும், கழிவுநீரை வெளிவிடாது மீட்டெடுக்கும் அமைப்புகளுக்கு அரசு 200 கோடி உருபா வட்டியில்லாக் கடன் அளிக்க முன்வந்தது. பட்டறைகள் மீண்டும் இயங்கின. ஏற்றுமதியும் பின்னாளில் இருமடங்குக்கு மேல் பெருகிற்று. நெறி தொழிலைக் கொல்லவில்லை. நெறியைப் பல்லாண்டு புறக்கணித்ததே தொழிலாளரைத் தெருவில் நிறுத்திற்று.

எனவே, சிறு பட்டறைகளுக்குக் கடன் தருக, கருவி தருக, நெறியை மட்டும் தளர்த்தற்க! மூடிய ஆலையைத் திறக்கலாம். நஞ்சூறிய நிலத்தை எவர் மீட்பார்? ஆற்றை அழித்துப் பொருளீட்டுவது விதைநெல்லைக் குற்றி உண்பதற்கே ஒப்பாகும்.