கிழியாத கால்சட்டை எங்கே கிடைக்கும்?

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஊருக்குள் நடமாடுகிறவர்களுக்கு அது அழகைப் பற்றிய பேச்சு. பாறை ஏறுகிறவர்களுக்கோ அது வேலையைப் பற்றிய பேச்சு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் யோசமிட்டி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே எல் காபிடன் என்ற மாபெரும் பாறை நிற்கிறது. உயரம் சுமார் 3,000 அடி. சுவர் போலச் செங்குத்தானது. 1958-ம் ஆண்டு நவம்பர் மாதம் வாரன் ஹார்டிங், வெய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் என்ற மூவர் 'மூக்கு' என்று பெயர் பெற்ற வழியில் ஏறி அதன் உச்சியை அடைந்தார்கள். முதன் முதலாக அந்தச் சுவர் மீது மனிதன் ஏறியது அப்போதுதான். விட்டு விட்டு, பதினெட்டு மாத காலத்தில் 45 நாட்கள் பாறையிலே பாடுபட்ட பிறகே அந்த ஏற்றம் முடிந்தது.

அந்தப் பாறை கருங்கல். கருங்கல்லின் முகம் அரம் போன்றது. அதில் முழங்கால் உரசும். தொடை உரசும். வெடிப்புக்குள் உடம்பைச் செருகி ஏறும்போது இடுப்பும் பின்புறமும் உரசும். சாதாரணத் துணி என்ன பாடுபடும்?

ஆகவே பாறை ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிழியாத கால்சட்டை எங்கே கிடைக்கும்?"

கடையில் இதற்கு மூன்று பதில்கள் கிடைக்கும். தடித்த துணியாகப் பார்த்து வாங்குங்கள் என்பது ஒன்று. விலை கூடியதாக வாங்குங்கள் என்பது இரண்டு. பெயர் பெற்ற கம்பெனியின் சரக்காக வாங்குங்கள் என்பது மூன்று.

மூன்றும் அரைப் பதில்கள். துணி எவ்வளவு தடிப்பு என்பதைவிட, அதைத் தைத்தவர் எதை யோசித்துத் தைத்தார் என்பதே முக்கியம்.

முதலில் கிழிவது எது?

பழைய கால்சட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். துணியின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிழிந்திருப்பது வேறு இடங்கள்.

இரண்டு கால்களும் சேரும் கவட்டில் தையல் விட்டிருக்கும். சட்டைப்பையின் மூலை பிய்ந்திருக்கும். முழங்கால் தேய்ந்து நூல் நூலாகத் தொங்கும். உட்காரும் இடம் சல்லடையாகி இருக்கும்.

இவற்றில் தேய்வது வேறு, பிய்வது வேறு. முழங்காலும் பின்புறமும் உரசி உரசித் தேய்கின்றன. கவடும் பையின் மூலையும் இழுபட்டுப் பிய்கின்றன. தேய்வதற்கு மருந்து இரட்டைத் துணி. பிய்வதற்கு மருந்து நல்ல தையல். இந்த இரண்டையும் அறியாமல் தடித்த துணியை மட்டும் நம்புகிறவர், பலமான கதவு போட்டுவிட்டுத் தாழ்ப்பாளை மறந்தவர் ஆவார்.

விறகு வெட்டியின் மனைவி கேட்டது

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் மலை ஏறும் வீரர் அல்ல. ஓர் ஏழைத் தையற்காரர். அவர் பெயர் ஜேக்கப் டேவிஸ். ரீகா நகரில் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர். நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற சிற்றூரில் அவருடைய கடை இருந்தது. கூடாரம், வண்டி மூடும் கித்தான், குதிரைப் போர்வை இவற்றைத் தைத்து விற்று வந்தார்.

1870-ம் ஆண்டு முடிந்து 1871 பிறக்கும் குளிர்காலத்தில் ஒரு பெண்மணி அவர் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் விறகு வெட்டுகிறவர். எந்தக் கால்சட்டை போட்டாலும் கிழித்து விடுவார். "சீக்கிரம் கிழியாதபடி ஒன்று தைத்துக் கொடுங்கள்" என்பது அந்த அம்மையாரின் வேண்டுகோள். கூலி 3 டாலர்.

டேவிஸ் கித்தான் துணியில் கால்சட்டையைத் தைத்து முடித்தார். மேசை மேல் செம்பு ரிவிட் ஆணிகள் கிடந்தன. குதிரைப் போர்வையில் வார் பிடிப்பதற்காக வைத்திருந்தவை. குதிரைப் போர்வைக்குத் தாங்குவது மனிதனின் கால்சட்டைக்குத் தாங்காதா? பையின் மூலைகளில் அந்த ஆணிகளை அடித்துக் கொடுத்தார்.

செய்தி பரவியது. கூலி வேலை செய்கிறவர்கள் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். டேவிசிடம் பணம் இல்லை. ஆகவே தமக்குத் துணி விற்கும் சான்பிரான்சிஸ்கோ வியாபாரி லெவி ஸ்ட்ராசுக்கு 1872-ல் கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து மனுச் செய்தார்கள். 1873-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 1,39,121. இன்று உலகம் முழுவதும் அணியும் ஜீன்ஸ் கால்சட்டையின் பிறப்பு இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டேவிஸ் புதுத் துணி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிழியும் இடத்தைக் கண்டுபிடித்தார். அதைக் காட்டிக் கொடுத்தவரோ, கணவரின் கிழிசலைத் தினமும் பார்த்து அலுத்த ஒரு குடும்பப் பெண். அவருடைய பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை!

கொல்லர் தைத்த கால்சட்டை

அடுத்த பாடம் ஒரு கொல்லரிடமிருந்து வந்தது. இவான் ஷுனார்டு என்பவர் 1957-ல் தாமாகவே கொல்லு வேலை கற்றுக்கொண்டு, பாறை வெடிப்பில் அடிக்கும் இரும்பு முளைகளைச் செய்தார். ஒரு முளை ஒன்றரை டாலர் என்று விற்றார். அவரும் பாறை ஏறுகிறவர். அவருக்கும் கால்சட்டைத் தொல்லை இருந்தது.

1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குப் பாறை ஏறப் போனவர், லங்காஷயர் பகுதியில் ஒரு பழைய ஆலையைப் பார்த்தார். அங்கே மிகவும் கனமான கார்டுராய் துணி நெய்தார்கள். கார்டுராயில் வரிவரியாக மேடு இருக்கும். உரசும்போது அந்த மேடு தேயுமே தவிர, அடியில் உள்ள நெசவு அறுபடாது. ஒரு காலத்தில் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் அதைத்தான் அணிந்தார்கள். ஷுனார்டு அந்தத் துணியை வாங்கி, பின்புறத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைக்கச் செய்தார்.

பிறகு 1973-ல் அவர் பாட்டகோனியா என்ற உடுப்புக் கம்பெனியைத் தொடங்கினார். முரட்டுக் கித்தானில் ஓர் அரைக்கால்சட்டையும் போட்டார்கள். அதை மேசை மேல் வைத்தால் தானாகவே நின்றதாம்! அதனால் 'நிற்கும் அரைக்கால்சட்டை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

ஆனால் முரட்டுத் துணிக்கு ஒரு குறை உண்டு. அது வளையாது. பாறை ஏறுகிறவர் இடுப்பு உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டும். கால்சட்டை பிடித்து இழுத்தால் கால் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாது. மீறித் தூக்கினால் கவடு கிழியும்.

இதற்கு வழி சொன்னவர் யோசமிட்டியில் ஏறிப் பழகிய மைக் கிரகாம். 1982-ல் அவர் கிராமிச்சி என்ற பெயரில் கால்சட்டை விற்கத் தொடங்கினார். கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் வந்து முட்டுவதுதான் வழக்கம். அவர் அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்தார். இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரவிப் போயிற்று. காலும் தாராளமாகத் தூக்க வந்தது. இடுப்பில் ஒரு கையாலேயே இறுக்கக்கூடிய நாடா வாரும் வைத்தார். ஒரு கை பாறையைப் பிடித்திருக்கும்போது மற்றொரு கைதானே மிச்சம்!

இந்தக் கவட்டுத் துண்டு வானத்திலிருந்து இறங்கிய புதுமை அல்ல. சல்வாரும் பைஜாமாவும் தைக்கிற தையற்காரர்களுக்கு அது பழைய பழக்கம். பாறை ஏறுகிறவர்களுக்குத் தேவையான நேரத்தில் அது வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

எந்தத் துணி நல்லது?

துணியே வேண்டாத விஷயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு குணம் உண்டு.

பருத்திக் கித்தானும் டெனிமும் உரசலைத் தாங்கும். உடம்புக்கும் இதம். ஆனால் நனைந்தால் எளிதில் காயாது. குளிர் மலையில் ஈரப் பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். அது ஆபத்து.

நைலான் எடை குறைந்தது. உறுதியானது. சீக்கிரம் காயும். ஆனால் அடுப்புப் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். நெடுநாள் கடும் வெயில் பட்டால் வலுவும் குறையும்.

எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்த்தால் துணி உடம்போடு வளைந்து கொடுக்கும். ஆனால் அதிகச் சூடும், வெளுக்கும் காரமும் அந்த இழைக்குப் பகை.

ஆகவே காய்ந்த வெயில் பாறைக்குப் பருத்தி போதும். மழையும் குளிரும் உள்ள மலைக்கு நைலான் வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே கால்சட்டை என்று விற்பவர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வாங்குகிறவர் முதலில் கால்சட்டையை உள்புறம் வெளியே திருப்ப வேண்டும். வெளிப்புறம் கடைக்காரருக்காகத் தைத்தது. உள்புறம்தான் போடுகிறவருக்காகத் தைத்தது. தையல் மடித்து, இரண்டு மூன்று வரி ஓட்டியிருக்கிறதா? நூல் முனைகள் தொங்குகின்றனவா? பை மூலைகளில் நெருக்கமாகக் கட்டுத் தையல் போட்டிருக்கிறதா? முழங்காலில் இரட்டைத் துணி உண்டா? கவட்டில் துண்டு வைத்திருக்கிறதா?

பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது. குந்தி உட்கார வேண்டும். ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைக்க வேண்டும். எங்கேயாவது பிடித்தால் அங்கேதான் நாளைக்குக் கிழியும்.

பாறை ஏறுகிறவர் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். கயிறு கட்டும் இடுப்புவாரின் அடியில் தடித்த பொத்தானோ கொக்கியோ அழுத்தக் கூடாது. காலின் அடிப்பகுதி தொளதொளவென்று விழுந்து பாதத்தை மறைக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும். இதில் தேறும் கால்சட்டை விலை குறைந்ததாகவும் இருக்கலாம். தொழிலாளிகளுக்கென்று தைக்கும் முழங்கால் இரட்டைத் துணிக் கால்சட்டையைப் பாறை ஏறுகிறவர்கள் விரும்பி வாங்குவது இதனால்தான். 1970-களில் யோசமிட்டியில் ஏறிய இளைஞர்கள் பலர் வர்ணம் அடிப்பவர்களின் வெள்ளைக் கால்சட்டையைத்தான் போட்டிருந்தார்கள்.

ஒட்டுப் போடுவது அவமானமா?

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ஒரு நாள் கிழியும். அப்போது என்ன செய்வது?

தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாகரிகம் அல்ல. வீண் செலவு.

2011-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் பாட்டகோனியா கம்பெனி ஒரு முழுப்பக்க விளம்பரம் போட்டது. தன்னுடைய மேல்சட்டை ஒன்றின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று தலைப்புக் கொடுத்தது! அந்த ஒரு சட்டையைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அது 45 பேரின் ஒரு நாள் தேவைக்குப் போதும் என்று கணக்கும் சொன்னது. தேவையில்லாமல் வாங்காதீர்கள், கிழிந்ததைத் தைத்துப் போடுங்கள் என்பது அதன் கருத்து.

விற்கிறவரே வாங்காதே என்பது வியாபாரத் தந்திரம் என்று சிலர் சிரிக்கலாம். தந்திரமாகவே இருக்கட்டும். சொன்ன கணக்கு பொய்யாகிவிடுமா? அந்தக் கம்பெனி கிழிந்த உடுப்புகளைத் தைத்துக் கொடுப்பதற்கென்று பெரிய கூடம் அமைத்தது. எந்த ஊரில் தெரியுமா? ஜேக்கப் டேவிஸ் செம்பு ஆணி அடித்த அதே ரீனோவில்!

வீட்டிலேயும் இது முடியும். துணி மெலிந்ததும், ஓட்டை விழுவதற்கு முன்பே, உள்புறம் ஒட்டு வைக்க வேண்டும். ஒட்டுத் துணி கால்சட்டையின் கனமே இருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர் மூலை சீக்கிரம் பெயர்ந்துவிடும். பாலியெஸ்டர் நூலால் இரண்டு வரி ஓட்டினால் இன்னும் பல மாதம் உழைக்கும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று முன்னோர் சொன்னார்கள். கந்தையைப் பற்றி அவர்கள் வெட்கப்படச் சொல்லவில்லை. அழுக்கைப் பற்றித்தான் எச்சரித்தார்கள்.

ஒரு கால்சட்டை வாங்கி மூன்று ஆண்டு போடுகிறவர் சிக்கனக்காரரா? மலிவு என்று ஆண்டுக்கு மூன்று வாங்கி எறிகிறவர் சிக்கனக்காரரா? குடும்பக் கணக்கு எழுதுகிற தாய்மார்களுக்கு இதன் விடை தெரியும்.

கிழியாத கால்சட்டை என்று உலகில் ஒன்று இல்லை. கிழியும் இடம் அறிந்து தைத்த கால்சட்டை உண்டு. அடுத்த முறை கடைக்குப் போகிறவர்கள் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உள்தையலைப் பார்க்கட்டும். வீட்டில் ஊசியும் நூலும் தயாராக இருக்கட்டும்.