கட்டம் உங்க கடையோடது, லிங்க் யாரோடது?

போன மாசம் கல்லிடைக்குறிச்சில இருந்து பெரியம்மா போன் பண்ணாங்க. எடுத்ததும் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "ஏல, கவர்ல இருக்க இந்தக் கட்டம் காசு கேக்குதாமே? அப்பளம் விக்கிற நான் காசு கேக்கணுமா, இது கேக்கணுமா?"

பெரியம்மா வீட்ல வச்சே அப்பளம் போடுறாங்க. கூட நாலு பேர் வேலை பாக்குறாங்க. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குன்னு ஒரு பேர் இருக்கறதால, மதுரை, சென்னைன்னு வெளியூர்லயும் கொஞ்சம் வாடிக்கை உண்டு. அவங்க பையன், எனக்குத் தம்பி முறை, சென்னைல ஐ.டி. வேலைல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. அம்மா தொழிலுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசைப்பட்டு, புது கவர் டிசைன் பண்ணி, "ஸ்கேன் பண்ணுங்க, ஆர்டர் பண்ணுங்க"ன்னு ஒரு க்யூஆர் கோடும் போட்டு, 5,000 கவர் அடிச்சுக் குடுத்தான். கவர் ஒண்ணு 2 ரூபாய். மொத்தம் 10,000. அவன் சம்பளத்துல இருந்துதான்.

மூணாவது வாரம் மதுரைல இருந்து ஒரு வாடிக்கையாளர் போன். "ஸ்கேன் பண்ணா என்னமோ இங்கிலீஷ்ல வருதே, கடைய மூடிட்டீங்களா?" போய்ப் பாத்தா, "இந்தக் கோடு செயல்ல இல்லை, உரிமையாளர் சந்தா கட்டணும்"னு ஒரு பக்கம் நிக்குது. தம்பி கோடு செஞ்ச வெப்சைட்ல 'இலவசம்'னு பெருசா போட்டிருந்தாங்க. 14 நாள் மட்டும்தான் இலவசம்ங்கறத சின்னதா போட்டிருந்தாங்க. மாசம் 800 ரூபாய்னு காட்டுனாங்க, ஆனா ஒரு வருஷத்துக்கு மொத்தமா 9,600 கட்டணும். மிச்சம் 4,000 கவர் வீணாப் போயிடுமேன்னு பயந்து, யார்கிட்டயும் கேக்காம கார்டைத் தேய்ச்சுட்டான்.

ஒரு பாக்கெட்டுக்குப் பெரியம்மாவுக்கு 12 ரூபாய் மிஞ்சும். 9,600ங்கறது 800 பாக்கெட்டோட லாபம். அந்தக் கட்டத்தை உயிரோட வச்சிருக்க மட்டும், வருஷா வருஷம்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். சின்னத் தொழிலுக்கு க்யூஆர் கோடும் ஷார்ட் லிங்க்கும் ரொம்ப நல்ல கருவிங்க. ஆனா அடுத்தவங்க லிங்க்கைப் பேப்பர்ல அச்சடிக்காதீங்க. அச்சடிச்ச அன்னைக்கே, அந்தக் கவர் தீர்ற வரைக்கும் நீங்க அவங்களுக்கு வாடகைக்காரர்.

கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?

க்யூஆர் கோடு 1994ல ஜப்பான்ல பிறந்தது. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ கம்பெனில, மசாஹிரோ ஹாராங்கற இன்ஜினியரும் அவர் டீமும் கார் பாகங்களைக் கணக்கு வைக்கறதுக்காக இதை உருவாக்குனாங்க. காப்புரிமை கையில இருந்தும், எல்லாரும் பயன்படுத்தட்டும்னு விட்டுட்டாங்க. அதாவது கோடு செய்யறதுக்கு யாருக்கும் காசு குடுக்க வேண்டியதில்லை. கோடுக்கு எக்ஸ்பைரி தேதியும் கிடையாது. அது வெறும் எழுத்துகளோட படம், அவ்வளவுதான்.

டீக்கடைல "ஸ்கேனர் எங்கண்ணே?"ன்னு கேட்டு ஜிபே பண்றோமே, கல்லாப்பெட்டி பக்கத்துல ஒட்டியிருக்கற அந்தக் கட்டத்துக்குள்ள கடைக்காரரோட யு.பி.ஐ. ஐடியும் பேரும் நேரடியாவே இருக்கு. நடுவுல யாரோட லிங்க்கும் இல்லை. இதுக்குப் பேர் ஸ்டேட்டிக். இன்னொரு வகை டைனமிக். அதுல உங்க முகவரி இருக்காது. வேற ஒரு கம்பெனியோட ஷார்ட் லிங்க் இருக்கும். ஸ்கேன் பண்ணா முதல்ல அந்தக் கம்பெனிக்குப் போயி, அங்கிருந்து உங்க பக்கத்துக்குத் திருப்பி விடுவாங்க. எத்தனை பேர் ஸ்கேன் பண்ணாங்கன்னு எண்ணலாம், போய்ச் சேர்ற இடத்தைப் பின்னாடி மாத்தலாம். லிங்க் சின்னதா இருக்கறதால கட்டங்களும் பெருசா, தெளிவா இருக்கும், சட்டுனு ஸ்கேன் ஆகும். வசதிதான். ஆனா அந்த நடுக் கம்பெனி கதவைச் சாத்துனா, உங்க கடை திறந்தே இருந்தாலும் வாடிக்கையாளர் வெளியதான் நிக்கணும்.

தம்பி செஞ்சது டைனமிக். அவனுக்கு அந்த வித்தியாசமே தெரியாது. வெப்சைட்காரங்களும் அதைச் சொல்லணும்னு நினைக்கலை.

"பெரிய கம்பெனி லிங்க்னா பயமில்லையே?"

இதைத்தான் நிறைய பேர் கேக்கறீங்க. கூகுளை விடப் பெரிய கம்பெனியா? 2009ல 'கூ டாட் ஜிஎல்'னு ஒரு ஷார்ட் லிங்க் சேவை ஆரம்பிச்சாங்க, இலவசமா. 2018ல நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க, 2019ல புது லிங்க் போடறதை நிறுத்துனாங்க. 2024 ஜூலைல, பழைய லிங்க்கெல்லாம் 2025 ஆகஸ்ட் 25க்கு அப்புறம் வேலை செய்யாதுன்னு சொல்லிட்டாங்க. எதிர்ப்பு வந்ததும், கடைசி நேரத்துல, புழக்கத்துல இருக்கற லிங்க்கை மட்டும் விட்டு வைக்கிறோம்னு மாத்துனாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரு வருஷம், போர்டுலயும் நோட்டீஸ்லயும் அந்த லிங்க்கை அச்சடிச்சு வச்சிருந்தவங்க கையில எதுவுமே இல்லை.

சொந்த லிங்க் வச்சிருந்தும் கோட்டை விட்டவங்க இருக்காங்க. 2015ல ஜெர்மனில ஒருத்தர் ஹெய்ன்ஸ் கெச்சப் பாட்டில்ல இருந்த கோடை ஸ்கேன் பண்ணா, திறந்தது ஆபாசத் தளம். ஒரு பழைய போட்டிக்காக வாங்கின டொமைனை ஹெய்ன்ஸ் புதுப்பிக்காம விட்டுட்டாங்க, வேற ஆள் வாங்கிட்டாங்க. பாட்டில் மட்டும் இன்னும் கடை அலமாரில இருந்துச்சு. கம்பெனி மன்னிப்புக் கேட்டுச்சு. அச்சு ரொம்ப நாள் வாழும், லிங்க் அவ்வளவு நாள் வாழாது. இந்த ஒரு வரி மனசுல இருந்தா போதும்.

அப்போ என்னதான் பண்றது?

கடையோட அளவைப் பொறுத்து ரெண்டு வழி இருக்கு.

ரொம்பச் சின்னத் தொழில்னா, நேரா வாட்ஸ்அப் சாட் திறக்கற லிங்க்கை ஸ்டேட்டிக் கோடா போடுங்க. செலவு பூஜ்யம். அந்த நம்பரை மட்டும் விடாம ரீசார்ஜ் பண்ணணும். விட்டா நம்பர் வேற ஆளுக்குப் போயிடும், ஆர்டரும் அவருக்குப் போகும்.

கொஞ்சம் வளர்ற தொழில்னா, கடை பேர்ல ஒரு 'டாட் இன்' டொமைன் வாங்குங்க. பொதுவா வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். டொமைன் விக்கிறவங்க நிறைய பேர், திருப்பி விடற வசதியையும் அதோட சேர்த்தே குடுக்கறாங்க. கடை பேரு, ஒரு சாய்கோடு, 'ஆர்டர்'. இதுதான் உங்க சொந்த ஷார்ட் லிங்க். இன்னைக்கு அது வாட்ஸ்அப்புக்குப் போகட்டும், நாளைக்கு உங்க வெப்சைட்டுக்குப் போகட்டும். கவரை மாத்த வேண்டாம். டைனமிக் கோடோட வசதி அப்படியே கிடைக்குது, சாவி உங்க கையில.

"டொமைனும் வருஷா வருஷம் கட்டறதுதானே, அதுவும் வாடகைதானே?"ன்னு கேக்கலாம். சரியான கேள்வி. ஆனா விக்கிற கம்பெனி பிடிக்கலைன்னா டொமைனை வேற கம்பெனிக்கு எடுத்துட்டுப் போகலாம், லிங்க் மாறாது. அந்த க்யூஆர் கம்பெனியோட லிங்க்கை உங்களால எங்கயும் எடுத்துட்டுப் போக முடியாது. அஞ்சு வருஷக் கணக்கைப் பாருங்க: ஒரு பக்கம் சுமார் 5,000, இன்னொரு பக்கம் 48,000.

ரெண்டு விஷயம் கவனிங்க. முதல் வருஷ ஆஃபர் விலையப் பாக்காதீங்க, புதுப்பிக்கற விலையப் பாருங்க. அப்புறம், டொமைன் கணக்கு உங்க வீட்டு ஆள் பேர்லயும் மெயில்லயும் இருக்கணும். டிசைன் பண்ணிக் குடுத்த நண்பர் பேர்ல வேண்டாம்.

ஸ்கேன் வேற, விற்பனை வேற

சந்தா வாங்கறவங்க காட்டற பெரிய கவர்ச்சி, எண்ணிக்கை. "இந்த மாசம் 60 ஸ்கேன்!" சரி, அதனால எவ்வளவு மிஞ்சுச்சு?

ஒரு உதாரணக் கணக்கு. 1,200 ரூபாய்க்கு 1,000 நோட்டீஸ் அடிச்சு வண்ணார்பேட்டைல குடுக்கறோம். 60 பேர் ஸ்கேன் பண்றாங்க, 5 பேர் ஆர்டர் போடறாங்க. ஆர்டருக்கு 5 பாக்கெட், 60 ரூபாய் லாபம். மொத்தம் 300. கைநஷ்டம் 900. அதே சமயம், ஏற்கெனவே வித்த கவர்ல இருக்கற கோடை 40 பேர்தான் ஸ்கேன் பண்றாங்க, ஆனா 18 பேர் மறுபடி வாங்கறாங்க. லாபம் 1,080, தனிச் செலவு இல்லை. ஸ்கேன் எண்ணிக்கைல நோட்டீஸ் ஜெயிக்குது, கல்லாப்பெட்டில கவர் ஜெயிக்குது.

அதனால இடத்துக்கு ஒரு லிங்க் வைங்க: கவருக்கு ஒண்ணு, நோட்டீஸுக்கு ஒண்ணு, ஜங்ஷன் கடைல வைக்கற போர்டுக்கு ஒண்ணு. எந்த லிங்க்ல இருந்து எத்தனை ஆர்டர்னு ஒரு நோட்டுல எழுதினாலே போதும். சின்னக் கடைல கோடுக்கு உண்மையான வேலை, புது ஆளைப் பிடிக்கறதை விட, ஒரு தடவை வாங்கி ருசி பாத்தவர் திரும்பி வர்றதுக்கு வழி வைக்கறது.

மேல ஒட்டிட்டுப் போனா?

2025 ஜனவரில மத்தியப் பிரதேசம் கஜுராஹோல, ராத்திரியோட ராத்திரியா கடைகள் முன்னாடி இருந்த பேமென்ட் கோடுகளை மாத்தி ஒட்டிட்டாங்க. காலைல வந்த பணமெல்லாம் வேற கணக்குக்குப் போச்சு. யாராலயும் கண்ணால பாத்து ஒரு கோடைப் படிக்க முடியாதுங்கறதுதான் இதுக்குக் காரணம். அதனால கோடுக்குக் கீழ லிங்க்கை எழுத்துலயும் போடுங்க, போன் நம்பரும் போடுங்க. 2018ல வந்த நம்ம தமிழ்நாட்டுப் புதுப் பாடப்புத்தகங்கள்ல க்யூஆர் கோடு போட்டாங்க ஞாபகம் இருக்கா? அதுக்குக் கீழயே ஒரு எழுத்து-எண் கோடும் இருக்கும். கேமரா சரியில்லாதவங்க அதைத் தட்டிப் போகலாம். அதே யோசனைதான். கடைக்கு வெளிய தொங்கற கோடை, தினமும் கடை திறந்ததும் உங்க போன்லயே ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. பத்து செகண்ட் வேலை.

இருட்டுக்கடைக்கு எதுக்கு கோடு?

இவ்வளவு சொல்லிட்டு இதையும் சொல்லணும். நெல்லையப்பர் கோயில் பக்கத்துல இருட்டுக்கடைக்குப் பேர்ப் பலகையே கிடையாது. சாயங்காலம் திறப்பாங்க, அதுக்கு முன்னாடியே வரிசை நிக்கும், கொஞ்ச நேரத்துல அல்வா தீர்ந்துடும். அங்க எந்தக் கட்டமும் வேண்டியதில்லை. ஊரே அதோட லிங்க். அந்த ருசி, அந்தப் பேர், அந்த இடம், எல்லாம் அவங்களோடது.

நம்ம வீட்டுத் தொழில் அந்த நிலைமைக்கு வர்ற வரைக்கும் பலகை வேணும்தான். ஆனா பலகை நம்மளோடதா இருக்கணும். எந்த டிசைனை விடவும் முதல்ல பாக்க வேண்டியது இதுதான்.

தம்பி கதைக்கு வர்றேன். 4,000 கவருக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா, ஒண்ணு 50 பைசான்னு 2,000 ரூபாய்ல முடிஞ்சிருக்கும். அது போச்சு. ஆனா அடுத்த வருஷம் அதே 9,600 மறுபடி போகாம தடுத்தோம். சந்தா எடுக்கும்போது கார்டுல ஆட்டோபே போட்டிருந்தான். 15,000 ரூபாய்க்குள்ளன்னா ஓ.டி.பி. இல்லாமலே பணம் எடுக்கலாம். 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அதை யார் பாக்கறா? பேங்க் ஆப்ல போய் ஆட்டோபேயை ரத்து பண்ணிட்டான். புது டொமைன் பெரியம்மா பேர்ல வாங்கியாச்சு. அடுத்த கவர்ல கட்டத்துக்குக் கீழ கடை பேர், லிங்க், போன் நம்பர் மூணும் இருக்கும்.

சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் வீட்டுத் தொழிலுக்கு ஏதாவது செய்யணும்னு தோணறது ரொம்ப நல்ல மனசு. அந்த மனசை நம்பித்தான் 'இலவசம்'னு பெரிய எழுத்துல போடறாங்க. அடுத்த தடவை அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நான் இன்னைக்குக் காசு கட்டறதை நிறுத்துனா, இந்தக் கட்டம் நாளைக்கு எங்க போகும்?

பெரியம்மா நேத்து மறுபடி கூப்பிட்டாங்க. "இப்பம் காசு கேக்கலல்ல?"

"இல்ல பெரியம்மா."

"அப்பம் சரி. ரெண்டு பாக்கெட் அனுப்பிருக்கேன், பொரிச்சுத் தின்னு."

உங்க வீட்டுத் தொழில்ல இப்படி ஏதாவது மாட்டியிருந்தா கீழ சொல்லுங்க. சொந்த டொமைன்ல லிங்க் எப்படி வைக்கறதுன்னு அடுத்த வீடியோல ஒவ்வொரு படியா காட்டறேன்.