ஓ.டி.பி. சொல்லாமலே பணம் போவது எப்படி? 9 இலக்க எண்ணில் இருக்குது ஆபத்து!

"ஓ.டி.பி.யை நான் யாருகிட்டயும் சொல்லலைங்க சார். அப்புறம் எப்படிங்க பணம் போச்சு?"

சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு கண்ணீரோடு வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கிகள் வருடக்கணக்கில் சொல்லி வருவதை அப்படியே கேட்டு நடந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் வேறு ஒரு எண்ணை சொல்லிவிட்டார்கள். அந்த எண்தான் கணக்கை காலி செய்தது.

கரண்ட் கட் மிரட்டல்

தமிழகத்தில் 2022-ம் ஆண்டு பல பேருடைய செல்போனுக்கு ஒரு குறுந்தகவல் வந்தது. போன மாச மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவே இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்கு பேசவும் என்று அதில் இருந்தது. நம்ப வேண்டாம் என்று போலீசாரும் மின்வாரியமும் எச்சரித்தும் பலர் ஏமாந்தனர்.

அதன்பிறகு காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. சிம் கார்டு பிளாக் ஆகப்போகிறது, வங்கி கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, கேஸ் மானியம் நிற்கிறது, கூரியர் பார்சல் வந்து கிடக்கிறது என்று தினம் ஒரு கதை. ஆனால் பணத்தை சுருட்டும் வழி ஒன்றுதான்.

எதிர்முனையில் பேசும் ஆசாமி மிரட்ட மாட்டான். "ஐயா, பதட்டப்படாதீங்க. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். நான் சொல்ற ஆப்பை மட்டும் ஏத்திக்கங்க" என்று பணிவாகத்தான் பேசுவான்.

அந்த ஆப் எனிடெஸ்க், டீம்வியூவர் குவிக்சப்போர்ட் போன்றதாக இருக்கும். இவை திருட்டு ஆப் கிடையாது. ஜெர்மனி நாட்டு கம்பெனிகள் தயாரித்த நல்ல சாப்ட்வேர்கள். ஒரு ஊரில் உட்கார்ந்தபடி வேறு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்ப்பதற்காக உருவானவை. கடைக்கு கணக்கு எழுதுபவரும் பில் போடும் மிஷினுக்கு சர்வீஸ் பார்ப்பவரும் தினமும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதனால்தான் பிளே ஸ்டோரில் சுலபமாக கிடைக்கிறது. வைரஸ் என்று செல்போனும் தடுக்காது.

உள்ளே நுழைவது எப்படி?

ஆப்பை திறந்ததும் திரையில் ஒரு எண் வரும். எனிடெஸ்க்கில் இது பெரும்பாலும் 9 இலக்கம். அந்த செல்போனுக்கு மட்டும் உரிய விலாசம் அது. "அந்த நம்பரை கொஞ்சம் படிங்க" என்பான் ஆசாமி. ஓ.டி.பி. இல்லையே என்ற தைரியத்தில் இவரும் படித்துவிடுவார்.

அவன் தன் கம்ப்யூட்டரில் அந்த எண்ணை தட்டியதும், இங்கே அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். பல செல்போன்களில் அது ஆங்கிலத்தில் இருக்கும். "அக்செப்ட்னு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க" என்பான்.

அமுக்கியதும் கதவு திறந்துவிடும். இனி இந்த செல்போனில் தெரிவதெல்லாம் அவன் திரையிலும் தெரியும். சில செல்போன்களில் இன்னும் ஒரு அனுமதி வாங்கிக்கொண்டு, விரல் வைக்காமலே அவனே அமுக்கவும் செய்யலாம்.

அடுத்து, "பத்து ரூபா மட்டும் கட்டிடுங்க, பதிவாயிடும்" என்று ஒரு லிங்க் அனுப்புவான். பல வங்கி ஆப்கள் வெளியாள் பார்க்கும்போது திரையை கறுப்பாக்கி மறைத்துவிடும். அதனால்தான் வங்கி ஆப்பை விட்டுவிட்டு தனியாக ஒரு லிங்க். பத்து ரூபாய் தானே என்று கார்டு நம்பரை தட்டும்போது ஒவ்வொரு எண்ணும் அங்கே தெரிகிறது.

அவன் பெரிய தொகைக்கு முயற்சி செய்ததும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வரும். அதை யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. திரையின் மேலே வந்து நிற்பதை அவனே படித்துக்கொள்வான்.

இதே முறையை விளக்கி, 9 இலக்க எண்ணையும் குறிப்பிட்டு, ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை உஷார்படுத்தியது. ஆனால் சாதாரண ஜனங்கள் காதில் விழுந்தது "ஓ.டி.பி. சொல்லாதே" என்ற வார்த்தை மட்டும்தான். 9 நம்பர் விஷயம் அந்த அளவுக்கு போய்ச் சேரவில்லை.

வெளிநாட்டில் ஆரம்பித்த வேலை

"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு" என்று அமெரிக்கா, இங்கிலாந்து நாட்டு வயதானவர்களை பயமுறுத்தி, இதே சாப்ட்வேர் மூலம் உள்ளே நுழைந்து பணம் பறிக்கும் போலி கால் சென்டர்கள் நம் நாட்டில் பல காலமாக நடந்தன. அமேசான், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் கொடுத்த புகாரையும் சேர்த்து விசாரித்த சி.பி.ஐ., 2023 அக்டோபரில் 76 இடங்களில் அதிரடி சோதனை நடத்தியது.

வெள்ளைக்காரர் கம்ப்யூட்டரில் பழகிய கை இப்போது உள்ளூர்க்காரர் செல்போனிலும் விளையாடுகிறது. எல்லா வகை சைபர் மோசடியிலும் சேர்த்து நாடு முழுக்க 2023-ல் 7,465 கோடி ரூபாய் பறிபோனது. 2024-ல் அது 22,845 கோடி ஆனது. பாராளுமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த கணக்கு இது.

நஷ்டம் யார் தலையில்?

பணம் போனவர் நேராக வங்கிக்கு ஓடுகிறார். "நீங்கதானே ஆப்பை ஏத்துனீங்க, நீங்கதானே அனுமதி கொடுத்தீங்க" என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

இதில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ந்தேதி போட்ட உத்தரவு முக்கியமானது. வங்கி மேல் தப்பு இருந்தால் முழு நஷ்டமும் வங்கிக்கு. வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை என்றால் 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்பு கணக்குக்காரர் அதிகபட்சம் 10 ஆயிரம் வரை ஏற்க வேண்டும் என்கிறது அந்த உத்தரவு.

ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் சொல்லும் வரை போன பணம் முழுக்க அவர் தலையில்தான். புகார் சொன்ன பிறகு போகும் பணம் வங்கி பொறுப்பு.

அதே உத்தரவில் இன்னொரு வரியும் உண்டு. தப்பு வாடிக்கையாளர் மேல்தான் என்பதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். இது பலருக்கு தெரியாததால், கவுண்டரில் சொன்ன வாய் வார்த்தையை கேட்டுவிட்டு திரும்பி விடுகிறார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, கையெழுத்து, சீல் போட்ட நகல் வாங்கினால் மேற்கொண்டு வழக்காட உதவும்.

நம்பியது தப்பு என்று சொல்வது சுலபம். கரண்ட் பில்லில் இருந்து ரேஷன் வரைக்கும் எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்டது. நேரில் போய் கேட்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். அப்படிப்பட்டவரிடம் "ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடலாம்" என்று ஒருவன் பணிவாக பேசினால் நம்பத்தான் செய்வார். அவருக்கு புரியும் பாஷையில், பேர் சொல்லி எச்சரிக்க வேண்டியது வங்கிகளின் வேலை.

கடைக்காரர்களும் உஷார்

கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வேறு மாதிரி ஆபத்து. யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் வெளியில் இருந்து நுழைய இந்த சாப்ட்வேர்களில் நிரந்தர பாஸ்வேர்டு வைக்கலாம். சர்வீஸ் பையன் வசதிக்காக வைத்துவிட்டு போவான். அவன் வேலையை விட்டு போன பிறகும் அந்த பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுவது, சாப்ட்வேரை மூடுவது கடைக்காரர் பொறுப்பு.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

முதலில் செல்போனில் இன்டர்நெட்டையும் வைபையையும் நிறுத்துங்கள். அந்த நொடியே அவன் பிடி விட்டுப்போகும். அவன் பேசிக்கொண்டே இருந்தாலும் லைனை துண்டியுங்கள். வேறு ஒருவர் போனில் இருந்து 1930-க்கு பேசுங்கள்.

வங்கி பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், பண பரிமாற்ற எண் கேட்பார்கள். பணம் அடுத்த கணக்கில் இருந்து எடுக்கப்படும் முன் தகவல் போய்விட்டால் அங்கேயே முடக்க வழி உண்டு. கும்பல் பணத்தை மாற்றி மாற்றி அனுப்புவதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெட்கப்பட்டு மறுநாள் வரை வீட்டில் மறைத்தவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

பிறகு வங்கியின் அவசர எண்ணில் கார்டையும் கணக்கையும் முடக்க சொல்லுங்கள். அந்த ஆப்பை அழித்துவிட்டு பாஸ்வேர்டு, பின் நம்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் இணையதளத்திலும் முழு புகாரை பதிவு செய்யுங்கள்.

வங்கியோ, மின்வாரியமோ, கேஸ் ஏஜென்சியோ எதுவாக இருந்தாலும் சரி. போனில் கூப்பிட்டு ஆப்பை ஏத்தி நம்பரை படிக்க சொன்னால் அவன் திருடன். லைனை வைத்துவிட வேண்டியதுதான்.