வண்டி வாகடம்

பழைய கார் வைத்திருப்பவனை நீலகிரியில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள்: எஸ்டேட் முதலாளி, அல்லது பிழைக்கத் தெரியாதவன். நாம் இரண்டாம் வகை. நம்மிடம் இருப்பது 1986-ஆம் ஆண்டு பிரிமியர் பத்மினி. தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார் வழியாக வந்து சேர்ந்தது. குன்னூரிலிருந்து உதகையிலுள்ள கல்லூரிக்கு வாரத்தில் இரண்டு நாளாவது அதில்தான் போய்வருகிறோம்.

2025-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு அந்த வண்டிக்கு இருமல் வந்தது. காலையில் சோக்கை இழுத்தால் மறுப்பேதும் சொல்லாமல் எழுந்துகொள்ளும். அருவங்காடு தாண்டி ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதுதான் வினை. ஒரு கணம் வெறுமையாக நிற்கும். கார்புரேட்டர் வழியாகவே ‘டப்’ என்று ஒருமுறை துப்பும். அதன்பின் ஒன்றும் நடவாததுபோல் இழுக்கும். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரில் அழுக்கு என்றார்கள். கழற்றிக் கழுவினார்கள். பத்து நாளில் மறுபடியும் இருமல். மறுபடியும் கழுவினார்கள். மூன்றாம் முறை, கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்றபோது, மாமனார் காலத்து மெக்கானிக்கைத் தேடிப் போனோம். இலக்கியம் பேசும் இடத்தில் இதையெல்லாம் சொல்வானேன் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். எஸ்டேட் மேனேஜர்களின் அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் அவர் வாசலில் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது ஜீப்புகளும் பழைய பைக்குகளும் நிற்கின்றன. பானெட்டைத் திறக்கும் முன் அவர் செய்ததைக் கவனித்தோம். சைலன்சர் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவி நிறம் பார்த்தார். வண்டியை ஓடவிட்டுப் பின்னால் நின்று முகர்ந்தார். பிறகு டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டின் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி பார்த்தார்.

“கார்புரேட்டர்னு வர்ற வண்டியில பாதிக்கு பாயிண்ட்லதான் சார் கோளாறு. பொறி சரியா விழாது, பெட்ரோலைக் குறை சொல்லிட்டிருப்பாங்க.”

பாயிண்ட் சரியாகவே இருந்தது. கடைசியாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

“வெள்ளையா இருக்கு சார். இந்த மலையில வெள்ளை பிளக்கு நான் பார்த்ததே இல்ல.”

அந்த வியப்பு புரிய வேண்டுமானால் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்று, கார்புரேட்டரில் ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போகிறது. குறுகலில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம், பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் எனும் நுண்துளை வழியாக இழுத்துத் தூவுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். தொழிற்சாலையில் சமவெளிக் காற்றை எண்ணியே துளையின் அளவை வகுக்கிறார்கள். உதகையோ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கழுத்து வழியாகப் போகும் காற்றின் எடை குறைகிறது. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. விளைவாகக் கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகையாகிறது. பிளக்கில் கரி படியும், புகை கறுக்கும், ஐட்லிங் நிற்காது, வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.

ஆகவே மலை மெக்கானிக்குகளிடம் ஒரு மரபு விதி உண்டு: மெயின் ஜெட்டை ஓர் அளவு இறக்கிப் போடு. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண், துளையின் விட்டம். 125 என்றால் 1.25 மில்லிமீட்டர். அதை 120-க்கு இறக்கினாலே துளையின் பரப்பு 8 விழுக்காடு குறைந்துவிடும். ஆனால் உதகைக்கென்று செட்டிங் வைத்த வண்டி மேட்டுப்பாளையம் இறங்கினால் காற்று மிகுந்து சூடேறும். எனவே பாய் 1850 மீட்டரில் உள்ள குன்னூரிலேயே செட்டிங் வைப்பார். மேலேயும் கீழேயும் வண்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஆரம்பகால அம்பாசிடர்களில் இருந்த எஸ்.யு. கார்புரேட்டருக்கு இதைவிட நேர்த்தியான சோதனை உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனை ஸ்குரூடிரைவர் முனையால் மயிரிழை தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகை. அணைந்துபோனால் காற்று மிகை. ஒரு நொடி கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் கலவை சரி. நாடி பார்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய், அதன் காரணம், தணிக்கும் வழி என்று வைக்கும் வரிசையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அதைக் கண்ணெதிரே பார்த்தது பாயின் கடையில்தான்.

நிற்க. நம் பத்மினியிலும் பாய் பல ஆண்டுகளுக்கு முன்பே ஜெட்டை இறக்கியிருந்தார். அதே ஜெட், அதே மலை. பிளக் ஏன் வெளுத்தது? கார்புரேட்டர் அமரும் இடத்தைச் சுற்றி எண்ணெய் சொட்டுவிட்டு, இடுக்கில் எங்காவது காற்று புகுகிறதா என்று காது கொடுத்தார். இல்லை. பிறகு ஒரு காலி குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார் (திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கும்; அறிவியலுக்காக பாய் அதைத் துறந்தார்). ஒரு விரல் உயரம் தண்ணீர், அதன்மேல் ஐந்து விரல் உயரம் நம் டேங்க் பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தார். நாம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அடியில் தங்கிய தண்ணீர் ஏறக்குறைய இரண்டு விரலாகியிருந்தது. பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030-க்கென்று வைத்திருந்த இலக்கு 2025-க்கு முன்னிழுக்கப்பட்டு, அவ்வாண்டே எட்டப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அந்த வாதத்தைத் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களுக்கு விட்டுவிடலாம். இயற்பியல் துறை நண்பர் ஒரு விடைத்தாளின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். எத்தனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜனைத் தன்னோடு சுமந்தே வருகிறது. ஒரு கிராம் எரிய ஒன்பது கிராம் காற்று போதும். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 14.7 என்பது சுமார் 13.5 ஆகிவிடும். அதாவது பழைய ஜெட்டோடு ஓடும் வண்டிக்குக் காற்று 8 விழுக்காடு மிகை. மலை பெட்ரோலைக் கூட்டியது 10. எத்தனால் குறைத்தது 8. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழத் தின்றுவிட்டன. பாய் இறக்கிப் போட்ட ஜெட் மட்டும் மிஞ்சி நின்று வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறது.

தகர டப்பாவைத் துழாவி, கம்பெனியில் போட்டுவந்த அளவு ஜெட்டையே மறுபடி பொருத்தினார் பாய். இருமல் நின்றது. சமவெளியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தொல்லையாக வந்தது, மலைவண்டிகளுக்கு ஒருவகையில் வரமாக முடிந்திருக்கிறது. (முழு வரமன்று. பழைய ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி நைகின்றன. மூடுபனியில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பெட்ரோல் ஈரத்தை வேறு இழுத்துக்கொள்கிறது. குழாய்களை மாற்றியாயிற்று.)

நாம் சொல்ல வந்த கருத்து இங்கேதான் தொடங்குகிறது. ஜெட்டை இறக்கு என்ற விதி இந்த மலையில் பல பத்தாண்டுகள் பொய்க்கவில்லை. அதை விதியாக மட்டும் கற்றவர் எவரும் இன்றைக்குப் பிழை செய்வார். பாய் தப்பித்தது, விதிக்குப் பின்னாலிருந்த காரணம் அவர் கையில் இருந்ததால். அழுக்கு என்று இரண்டு முறை கழுவிய இளைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. அவர்கள் கற்றுக்கொள்ள எதுவும் வாசலுக்கு வரவில்லை. பாய் சொல்லிக்கொடுக்கவும் எவரும் அருகில் இல்லை.

தமிழில் மாட்டு வாகடம் உண்டு. மாட்டுக்கு வரும் நோய், அதன் குறி, அதற்கான மருந்து என்று ஓலையில் எழுதிவைத்து, பின்னர் அச்சிலும் ஏறிய நூல்கள் அவை. எழுதியவர்களை இலக்கிய வரலாறு பொருட்படுத்துவதில்லை, ஆனாலும் எழுதினார்கள். நூறாண்டுக்கு மேலாக நம் சாலைகளில் மோட்டார் ஓடுகிறது. தொழிற்பயிற்சி மாணவருக்கான பாடநூல்கள் தமிழில் உள்ளன. உறுப்புகளின் பெயரும் படமும் அவற்றில் கிடைக்கும். வண்டி எப்படி ஒலித்தால் என்ன நோய் என்பதைச் சொல்லும் வாகடம் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. அந்த மொழி ஒர்க்‌ஷாப்புகளின் வாய்ப்பேச்சிலேயே இருந்து, அங்கேயே முடியப் போகிறது. கார்புரேட்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று ஒரு கருத்தரங்கின் பிற்பகல் முழுதும் விவாதித்ததை நாமே கேட்டிருக்கிறோம். அதைக் கார்புரேட்டர் என்றே சொல்லிக்கொண்டு, அதன் நோய்களை முழுக்கத் தமிழில் பேசுகிற மனிதர்களை அந்த அரங்கில் எவரும் நினைக்கவில்லை. நாமும்தான்.

பாயின் அனுமதியோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் ‘ஏற்றத்தில் வண்டி திணறுகிறது’ என்று எழுதி வாசித்துக் காட்டினோம். பாய் கையை உயர்த்தினார்.

“திணறல சார், திக்குச்சு. திணறுனா பெட்ரோல் ஜாஸ்தி, மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். திக்குனா பெட்ரோல் பத்தல. ரெண்டும் வேற. நீங்க மாத்தி எழுதுனா படிக்கிறவன் ஜெட்டை மாத்திப் போட்டுருவான்.”

தமிழ் முதுகலை படித்து இருபதாண்டு வகுப்பெடுத்த நாம் இரண்டையும் ஏறத்தாழ ஒரே பொருளில் எழுதிவந்திருக்கிறோம். ‘பொருமுது’ என்பதற்கும் ‘மிஸ் அடிக்குது’ என்பதற்கும் இடையே அவர் காட்டிய வேறுபாட்டை எழுதவே ஒரு மாலை பிடித்தது. முதலாவது கலவைக் கோளாறு. இரண்டாவது நான்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமை.

துறை நண்பர் ஒருவர் இதை நாட்டார் வழக்காற்றியல் திட்டமாக்கி நிதி கேட்கலாம் என்றார். நமக்கு அதில் ஒப்புதல் இல்லை. சொற்களை அகரவரிசையில் அடுக்கி ஆய்வேடாக்கினால் அந்த ஏட்டைப் பார்த்து ஒருவரும் ஜெட் மாற்ற முடியாது. குறி, காரணம், சோதனை, பரிகாரம் என்று வாகடத்தின் வரிசையிலேயே இருக்க வேண்டும். கிரீஸ் படிந்த விரலால் புரட்டத் தகுந்ததாக இருக்க வேண்டும். இன்னொரு நண்பர், புகை கக்கும் பழைய வண்டிகளை மலையிலிருந்து ஒழிக்க வேண்டுமே தவிர நூல் எழுதி வாழ்விக்கக் கூடாது என்றார். புகையைப் பற்றி அவர் சொல்வது சரி. செட்டிங் தெரியாமல் ஓட்டப்படும் வண்டிதான் கறுப்பாகப் புகைக்கிறது என்பதை மட்டும் அவருக்குச் சொன்னோம். அவர் சமாதானமடையவில்லை.

நோட்டில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. கோடையில் கல்லாறிலிருந்து பர்லியாறுக்கு ஏறும்போது, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது பழைய வண்டிகளின் வழக்கம். ஓரமாக நிறுத்திப் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் முன்னைவிட எளிதில் ஆவியாகக்கூடியது. ஈரத்துணி இன்னும் போதுமா, பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தடிமனான அட்டை கொடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, பார்க்காமல் எழுதக் கூடாது என்றுவிட்டார் பாய். ஏப்ரலில் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து மேட்டுப்பாளையம் போய்வர உத்தேசம். துணியையும், அடிவாரத்தில் மாற்றிக்கொள்ள ஓர் அளவு பெரிய ஜெட்டையும் அவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.